கொழுந்து தூளாகும் வரை: இலங்கைத் தேயிலை ஆலையின் வரலாறு

1867-இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வணிகத் தேயிலை அங்கேதான் தொடங்கியது. அப்போது தனி ஆலை கிடையாது. பங்களா வராந்தாவே ஆலை. தொழிலாளர்கள் கொழுந்தை மேசையில் வைத்துக் கையால் உருட்டினர். பின்பு களிமண் அடுப்பில், கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டுகளில் பரப்பிக் காயவைத்தனர். 1872-இல் டெய்லர் ஆலையும் உருட்டும் இயந்திரமும் அமைத்தார். 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பியை அழித்துவர, மலைநாடு தேயிலைக்கு மாறியது. காப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்திருந்த தமிழ்த் தொழிலாளர்கள் கொழுந்து பறிக்கத் தொடங்கினர்.

பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். எஞ்சும் திடப்பொருளில் ஏறக்குறைய கால் பங்கு கேட்டச்சின்கள் என்னும் பாலிபினால்கள். உயிருள்ள இலையில் இவை ஓர் அறையிலும், இவற்றை மாற்றும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. செல் உடைந்தால் இரண்டும் கலந்து, காற்றின் ஆக்சிஜனோடு வினை தொடங்கும். சாக்கில் நெருக்கி அடைத்த கொழுந்து நசுங்கிச் சூடேறினால், அந்த வினை ஆலைக்கு வரும் முன்பே ஆரம்பித்துவிடும். அந்த வினையை வேண்டிய நேரத்தில் தொடங்கி, வேண்டிய இடத்தில் நிறுத்துவதே ஆலையின் வேலை.

முதல் படி வாட்டுதல். பழைய ஆலைகள் மூன்று நான்கு மாடி உயர்ந்து நின்றது இதற்காகத்தான். மேல்மாடிகளில் அடுக்கடுக்காகக் கட்டிய சாக்குத் துணிகளில் கொழுந்தைப் பரப்பி, சன்னல் வழியே காற்றோட்டம் விடுவார்கள். 14 முதல் 18 மணி நேரத்தில் ஈரப்பதம் 55 விழுக்காடு அளவுக்கு இறங்கும். இலை துவண்டு, முறியாமல் சுருளும் பக்குவம் பெறும். புரதம் சிதைந்து அமினோ அமிலங்கள் கூடும்; மணப்பொருள்கள் உருவாகும். மழைநாளில் வாட்டம் சரியாக அமையாது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மின்விசிறி பொருத்திய நீண்ட தொட்டிகள் வந்ததும் அந்த மாடிகளின் தேவை குறைந்தது.

அடுத்தது உருட்டுதல். 1870-களில் வில்லியம் ஜாக்சன் உருவாக்கிய இயந்திரங்கள் கைவேலையின் இடத்தைப் பிடித்தன. 1930-இல் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் சிடிசி இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதன் பல் வெட்டிய உருளைகள் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகின்றன. செல்கள் பெருமளவு உடைவதால் வினை விரைவாகவும் முழுமையாகவும் நடக்கிறது. சாயம் கடுப்பாக இறங்கும், மணம் சற்றுக் குறையும். இலங்கை பெரும்பாலும் பழைய உருட்டு முறையிலேயே நிற்க, பால் கலந்து குடிக்கும் இந்தியாவில் சிடிசி பரவியது. நீலகிரி ஆலைகள் பலவும் அதையே தயாரிக்கின்றன.

உருட்டிய இலையைப் பரப்பி வைக்கும் கட்டத்தைத் தோட்டத்துரைகள் நொதித்தல் என்றனர். உண்மையில் இதை நடத்துவது நுண்ணுயிர் அல்ல, இலையின் சொந்த நொதியே என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. 1950-களின் பிற்பகுதியில் ஈ. ஏ. எச். ராபர்ட்ஸும் அவரது குழுவினரும் இதில் பிறக்கும் நிறமிகளை விளக்கினர். தியாஃப்ளேவின் பொன்னிறத் தெளிவையும் சுறுசுறுப்பான துவர்ப்பையும் தருகிறது. தியாரூபிகின் செந்நிறத்தையும் கனத்தையும் தருகிறது. நேரம் நீண்டால் முன்னது குறைந்து, தேநீர் மங்கும். வெப்பம் மிகுந்தாலும் இதே கேடு.

இறுதியில் உலர்த்தல். சாமுவேல் டேவிட்சனின் 'சிரோக்கோ' உலர்த்திகள் கரியடுப்புக்கு மாற்றாகச் சூடான காற்றைப் பயன்படுத்தின. வெப்பத்தில் நொதி செயலிழந்து வினை நிற்கிறது. பச்சையம் மாறி இலை கறுக்கிறது. ஈரம் 3 விழுக்காட்டளவுக்கு இறங்குகிறது. வெப்பம் அளவு மீறினால் மேற்புறம் இறுகி உள்ளே ஈரம் தங்கும். குறைந்தால் வினை தொடர்ந்து தூள் சப்பென்றாகும். சலித்துத் தரம் பிரித்த பின்னும் தூள் காற்றின் ஈரத்தை இழுக்கும். அது 6, 7 விழுக்காட்டைத் தாண்டினால் மணம் கெடத் தொடங்கும்.