எட்டாவது வரை இழுக்க வேண்டுமா?

சென்ற ஆண்டு ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, அணுபுரத்தில் ஒப்பந்தப் பணி செய்யும் சகோதரர் ஒருவர் மக்தப் விட்ட பின் என்னைத் தேடி வந்தார். மகள் தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. கட்டணம் பாக்கி. “கவர்மெண்ட் ஸ்கூல்ல சேர்த்தா சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க ஹஜ்ரத்? எட்டாவது வரைக்கும் எப்படியாவது இழுத்துட்டு அப்புறம் மாத்தலாமா?” என்றார். அவருக்கு அன்று சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

அரசுப் பள்ளி நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. ஆர்க்காட்டு நவாபின் ஆதரவில் சென்னையில் தோன்றியது மதரஸா-இ-ஆஸம். 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைய, கும்பினியார் நவாபுப் பட்டத்தையே ஒழித்தனர். அதன்பின் அந்த மதரஸா அரசின் கைக்கு வந்து அரசுப் பள்ளியாயிற்று. தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் அங்கே பயின்றனர். அதை எவரும் இழிவாகக் கருதியதில்லை.

இழிவென்னும் எண்ணம் பிற்காலத்தது. பல்கலைக்கழகங்களின் பொறுப்பிலிருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள் 1970களின் பிற்பகுதியில் மாநில அரசின் தனி வாரியத்தின்கீழ் வந்து, பின்னர் ஊர்தோறும் பெருகின. அவற்றிற்குத் தனிப் பாடநூல், தனித் தேர்வு, ஆங்கில வழி. அந்நாளில் பெற்றோர் அவற்றை நாடியதில் நியாயம் இருந்தது.

அந்த வேறுபாட்டைச் சமச்சீர்க் கல்விச் சட்டம் (2010) அகற்றியது. அடுத்து வந்த அரசு அதை நிறுத்திவைக்க முயன்றபோது, 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. ஆகவே மெட்ரிகுலேஷன் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் படிப்பது ஒரே பாடத்திட்டம். (சி.பி.எஸ்.இ. பள்ளியிலிருந்து மாறுவோர்க்கு மட்டும் பாடம் மாறும்.) கொரோனாவில் வருமானம் இழந்து 2021இல் இலட்சக்கணக்கான பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு மாறியபோதுதான் பல பெற்றோர் இதைக் கண்டுகொண்டனர்.

அதற்கு முந்தைய ஆண்டே மற்றொரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. நீட் வந்தபின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்வோர் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தனர். நீதிபதி கலையரசன் குழு 10 விழுக்காடு பரிந்துரைக்க, அரசு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடாகச் சட்டம் இயற்றியது. 2020இல் 400க்கும் மேற்பட்ட இடங்கள் இவ்வாறு கிடைத்தன. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்றது.

சகோதரரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இவ்வொதுக்கீடு பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றிருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருவோர்க்கு மட்டும் விலக்கு உண்டு. அவர் மகள் கட்டணம் செலுத்திப் படித்தவள். கௌரவத்திற்காக எட்டாவது வரை இழுத்திருந்தால், கடனும் ஏறி, இந்த உரிமையும் போயிருக்கும். நம் சமுதாய அறக்கட்டளைகள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் இந்த ஒதுக்கீட்டில் சேரா. இதைப் பலர் அறியாமல் பின்னர் வருந்துகின்றனர்.

அரசுப் பள்ளிகளில் குறையே இல்லை என்று நான் கூறவில்லை. எல்லாப் பாடத்திற்கும் ஆசிரியர் உள்ளனரா, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எந்நிலையில் உள்ளது என்று நேரில் சென்று பார்த்தே சேர்க்க வேண்டும். அவரும் தம் மனைவியுடன் இரண்டு பள்ளிகளைப் பார்த்து வந்தார்.

பழைய பள்ளி, பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழை நிறுத்திவைத்தது. சான்றிதழ் தாமதமாவதைக் காட்டி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். தலைமையாசிரியர் அதை அறிந்தவர். பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

“அப்ப அந்தப் பாக்கியைக் கட்ட வேண்டாமா ஹஜ்ரத்?” என்று சகோதரர் கேட்டார். படித்த மாதங்களுக்கு உரியது கடன்தான் என்றேன். மாதம் ஐந்நூறாகக் கட்டி வருகிறார். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.