வீட்டு எஸ்பிரசோ இயந்திரம்: பால் நுரைப்பதில் எது எப்படி?

மாமாக் கடையில் தே தாரேக் ஆற்றும்போது உயரத்திலிருந்து விழும் வேகத்தில் காற்று கலந்து நுரை வருகிறது. எஸ்பிரசோ இயந்திரம் அதே வேலையை நீராவியால் செய்கிறது. கூடவே பாலையும் சூடாக்குகிறது.

வீட்டுக்கு இயந்திரம் வாங்குவோர் பலர் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் '15 பார்' என்பதைப் பார்த்தே வாங்குகின்றனர். அது காப்பி இறக்கும் பம்பின் அழுத்தம். பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பால் காப்பி விரும்புவோர் கேட்க வேண்டியது, நீராவி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

காகியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்றவற்றில் ஒரே கொதிகலன். காப்பிக்குச் சுமார் 93 பாகை செல்சியஸ் போதும். நீராவிக்கு 120 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே காப்பி இறக்கிய பின் விசையை மாற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பால் முடிந்ததும் கொதிகலனில் நீரை ஓடவிட்டுக் குளிர்விக்காவிட்டால் அடுத்த காப்பி கருகிக் கசக்கும். கொள்ளளவும் முக்கியம். சில்வியாவில் 300 மில்லிலிட்டர். கிளாசிக்கில் ஏறக்குறைய 100 மட்டுமே. சிறிய கொதிகலனில் நீராவி பாதியிலேயே தளர்ந்துவிடும். சூடு ஏறியதைக் காட்டும் விளக்கு எரியும் வரை காத்திராமல் சற்று முன்னதாகவே தொடங்கினால் சூடேற்றி தொடர்ந்து இயங்கும், நீராவியும் நீடிக்கும். பழகியவர்கள் செய்யும் தந்திரம் இது.

பிரெவில் பாம்பினோ வகையில் கொதிகலனே கிடையாது. சூடான உலோகப் பாதை வழியே நீர் சிறிது சிறிதாகச் சென்று ஆவியாகிறது. சில விநாடிகளில் தயாராகிவிடும். காலையில் வேலைக்கு ஓடுபவருக்கு ஒன்றிரண்டு குவளைக்கு இதுவே வசதி. நீராவியில் ஈரம் சற்றுக் கூடுதல் என்பதால், முதலில் வரும் நீரைத் துணியில் வெளியேற்றிய பிறகே குழலைப் பாலில் வைக்க வேண்டும்.

திறந்த இல்ல உபசரிப்பில் ஆறேழு பேருக்கு அடுத்தடுத்துக் கலக்குவதென்றால் மேற்சொன்ன இரண்டும் திணறும். அங்கு கைகொடுப்பவை, பெரிய நீராவிக் கொதிகலனுக்குள் காப்பிக்கான நீர்க்குழாய் ஓடும் வகையும், காப்பிக்கு ஒன்று பாலுக்கு ஒன்று என இரட்டைக் கொதிகலன் வகையும். காப்பி இறங்கும்போதே பாலும் நுரைக்கும். விலை அதிகம், சூடாகவும் நேரம் பிடிக்கும். தினமும் ஒரே ஒரு குவளை குடிப்பவருக்கு இது வீண் செலவு.

குழலின் முனையையும் பார்க்க வேண்டும். மலிவான இயந்திரங்களில் குழல்மேல் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். அது தானே காற்றை இழுத்துக்கொள்வதால் யாரும் நுரைக்கலாம். ஆனால் பெரிய குமிழிகளே வரும், பட்டுபோன்ற மென்நுரை வராது. நான்கு துளை முனை வேகமானது. சிறிய கொதிகலனுக்கோ ஒன்றிரண்டு துளையே பொருந்தும்.

பால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலாக இருக்கட்டும். முதல் சில விநாடிகள் மட்டும் முனையை மேற்பரப்பில் வைத்துக் காற்றை ஏற்றி, பிறகு சற்று ஆழ்த்திச் சுழலவிட வேண்டும். 60 முதல் 65 பாகையில் நிறுத்திவிடலாம்; 70-ஐத் தாண்டினால் பாலின் இயற்கை இனிப்புப் போய்விடும். கெட்டிப்பாலை இதில் நுரைக்க முயல வேண்டாம், சர்க்கரை துளையில் கருகி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் உடனே குழலை ஈரத்துணியால் துடைத்து, ஒருமுறை நீராவியைத் திறந்து மூடுவது அவசியம்.