ராகிங் இல்லாமல் புதியவர்களைச் சேர்க்க முடியாதா? அமெரிக்க மாணவர் சங்கங்கள் செய்த மாற்றம் என்ன?

2017 பிப்ரவரி. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 'பீட்டா தீட்டா பை' என்ற மாணவர் சங்கத்தின் வீட்டில், புதிதாகச் சேர வந்தவர்களை அடுத்தடுத்து மது குடிக்க வைத்தார்கள். போதையில் 19 வயது மாணவர் ஒருவர் படிக்கட்டில் விழுந்தார். அவசர உதவியை அழைக்கவே சுமார் 12 மணி நேரம் ஆனது. அவர் பிழைக்கவில்லை.

ஹேசிங் என்றால் என்ன?

இந்த ஆண் மாணவர் சங்கங்களுக்கு 'ஃபிரெட்டர்னிட்டி' என்று பெயர். அழைப்பு வந்ததும் உறுப்பினர் ஆகிவிட முடியாது. வாரக்கணக்கில் 'பிளெட்ஜ்' ஆகக் காத்திருக்க வேண்டும். அப்போது சீனியர்கள் செய்யும் கொடுமைதான் ஹேசிங்.

கிட்டத்தட்ட நம்ம ஊர் ராகிங்தான். ஆனால் ராகிங்கில் சிக்கும் ஜூனியருக்கு கல்லூரியில் ஏற்கெனவே இடம் கிடைத்துவிட்டது. இங்கே அந்த இடமே சீனியர்கள் கையில். "முடியாது" என்று சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தில் பசங்க எதற்கும் தலையாட்டிவிடுகிறார்கள்.

காத்திருப்பை ஒழித்தால்?

'லாம்ப்டா கை ஆல்ஃபா' சங்கம் 1972-லேயே பிளெட்ஜ் முறையைக் கைவிட்டு, புதியவர்களை 'அசோசியேட் உறுப்பினர்' ஆக்கி, பெரும்பாலான உரிமைகளைக் கொடுத்தது. 1989-ல் 'ஜீட்டா பீட்டா டாவ்' பிளெட்ஜ் முறையையே ரத்து செய்தது. தொடர் மரணங்களால் கெட்ட பெயர் வாங்கிய 'சிக்மா ஆல்ஃபா எப்சிலான்', அழைப்பு கொடுத்த 96 மணி நேரத்துக்குள் உறுப்பினராக்க வேண்டும் என்று 2014-ல் அறிவித்தது.

விதி மட்டும் போதுமா?

போதாது. தலைமை தடை போட்டாலும், கதவைச் சாத்திக்கொண்டு நடப்பதை யார் பார்ப்பது? அதனால் புதியவர்களுக்கான நிகழ்ச்சிகளின் தேதி, இடம், நேரத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுப்பது முக்கியம். பட்டியலில் இல்லாத எதற்கும் போக வேண்டியதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வேலை வாங்குவதாக இருந்தால் சீனியரும் சேர்ந்து செய்யணும், பாத்திரம் கழுவுவதுகூட.

மிக ஆபத்தானது, புதியவருக்கு ஒரு சீனியரை 'அண்ணன்' ஆக்கும் இரவு. 2021-ல் ஒஹையோ மாநிலத்தில் அப்படியொரு இரவில் ஒரு முழு பாட்டில் மதுவைக் குடித்த 20 வயது மாணவர் உயிரிழந்தார். அந்த நிகழ்ச்சியை மது இல்லாமல், பகலில் ஒரு சாப்பாட்டோடு முடித்துக்கொள்வதில் சங்கத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை.

பெற்றோர் என்ன பார்க்கலாம்?

2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஹேசிங் தடுப்புச் சட்டம் கையெழுத்தானது. விதி மீறிய சங்கங்களின் பெயரையும் நடந்ததையும் கல்லூரிகள் இணையத்தில் வெளியிட வேண்டும். அங்கே பிள்ளையைப் படிக்க அனுப்பும் பெற்றோர், சங்கத்தில் சேரும் முன்பே அந்த அறிக்கையைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.