தாயகம் எக்கரையில்?

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கை, இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எண்கள் முதலில் முடிவாயின; எவர் எங்கே என்பது பின்னரே விண்ணப்பங்களால் நிரப்பப்பட்டது.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக்கிய அம்மக்களின் முடிவை எடைபோட நாம் தயங்குகிறோம். பாட்டனுக்கு ஊர் என்றால் திருச்சியோ இராமநாதபுரமோ. லயத்து அறையில் பிறந்த பேரனுக்கோ கொழுந்து படர்ந்த மலைச்சரிவே ஊர். பெற்றோர் ஒரு நாட்டுக்கும், வயதுவந்த மகன் மறு நாட்டுக்கும் விண்ணப்பித்த வீடுகள் உண்டு. 1974-இல் தோட்டங்களில் பசி மிகுந்தபோது, பலருக்குப் பாசத்தைக் காட்டிலும் அடுத்த வேளைச் சோறே வழியைத் தீர்மானித்தது. இதனை விருப்பம் என அழைப்பது நமக்கு உவப்பன்று.

முன்னாளில் இலங்கை செல்வோரைத் தங்கவைத்த மண்டபம் முகாமே திரும்பியோரையும் ஏற்றது. 'தாயகம் திரும்பியோர்' என்று அரசு பதிந்துகொண்டது. அவர்களுட் பலர் அம்மண்ணை முதன்முறையாக மிதித்தவர்கள்! நீலகிரியில் 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் சிலருக்குக் கைபழகிய தொழில் வாய்த்தது. கடன் பெற்றுச் சமவெளியில் கடை வைத்தோருக்கு அப்பேறு இல்லை.

1984-இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் பலர் லயங்களிலேயே தங்கிவிட்டனர். 2003-இல் இலங்கை இயற்றிய சட்டம் அவர்களுக்கும் குடியுரிமை வழங்கியது. அதற்குள் அக்காள் ஒரு கரையிலும் தம்பி மறுகரையிலும் பேரப்பிள்ளைகளைக் கண்டிருந்தனர்.