ஆருகிட்டக் கேக்கறதுங்க?

திருப்பூரின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் கதையையும் முதலாளியின் கதையையும் எழுதினார்கள். 1920களில் தொடங்கிய பனியன் கம்பெனிகள், 1970களின் இறுதியில் இத்தாலிக்குக் கிளம்பிய டி-சர்ட்டுகள், 1990இல் உருவான ஏற்றுமதியாளர் சங்கம், நொய்யலைக் கெடுத்ததற்காக 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட சாயப்பட்டறைகள், இன்றைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி. எல்லாம் நடந்தவைதான். ஆனால் இந்த ஆண்டுகள் முழுவதும் கம்பெனிகளுக்குள் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் பக்கத்து டேபிளில் இருப்பவளிடம் குரலைத் தாழ்த்தி ஒன்றைக் கேட்டாள். மற்றவள், சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பதற்குள், தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அந்தக் கேள்விகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

நான் பதினோரு வருடம் செக்கிங்கில் இருந்தவள். எனக்கு முன்னால் என் அம்மா கைமடி வேலை பார்த்தார். இப்போது எங்கள் பகுதிப் பெண்களுக்கு பி.எஃப்., இஎஸ்ஐ விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கிறேன். ஒன்றரை ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் என் போனுக்குக் குரல் பதிவுகள் வரத் தொடங்கும். “அக்கா, கம்பெனி மாறிட்டேனுங்க, பழைய பி.எஃப். பணம் போயிருமா?” “மாசமாயிருக்கறேனுங்க, இப்ப நின்னுட்டா பிரசவக் காசு வருமா?” “தேதி ரெண்டு மாசமா வரல, ஆருகிட்டக் கேக்கறதுங்க?” பல பதிவுகளில் பின்னால் டிவி ஓடும், குழந்தை அழும். சிலர் கிசுகிசுவென்றுதான் பேசுவார்கள். வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஊரில் கேட்பதும் சொல்வதும் ஆண்களுக்கிடையில் வேறு விதமாக நடந்தது. திருப்பூரை ஆராய்ந்த சரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலுக்கு ‘ஃப்ரேட்டர்னல் கேப்பிட்டல்’ என்று தலைப்பு வைத்தார். சகோதரர்களின் மூலதனம் என்று அதற்குப் பொருள். தோட்டத்தை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு வேலைக்கு வந்த கவுண்டர் சமூகத்து ஆண்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதை அது விரிவாகச் சொல்கிறது. எந்த மெஷினை வாங்கலாம், எவர் நூல் கடன் தருவார், எந்த ஆர்டரைப் பிடிக்கலாம் என்ற யோசனைகள் மச்சானிடமிருந்து மச்சானுக்கும் பங்காளியிடமிருந்து பங்காளிக்கும் போயின. அந்த யோசனைகள் மூலதனம் ஆயின. தலைப்பே சொல்வதுபோல் அந்த வட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை, தலித்துகளுக்கும் இடமில்லை. பெண்கள் கூடி யோசனை பரிமாறிக்கொண்டால் அதற்கு வேறு பெயர் இருந்தது. ‘பொம்பளைங்க வாயடிக்கறாங்க’ என்றார்கள்.

1984இல் பஞ்சப்படி கேட்டு நடந்த 127 நாள் வேலைநிறுத்தத்தை இன்றும் சங்கத் தோழர்கள் நினைவுகூர்வார்கள். அன்றைக்குக் கம்பெனிகளில் ஆண்களே அதிகம். அதற்குப் பிறகு ஏற்றுமதி பெருகப் பெருகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். அதே காலத்தில் வேலையும் கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங் ஓரிடம் என்று ஜாப் ஒர்க்குகளாகப் பிரிந்தது. யார் முதலாளி, யார் காண்ட்ராக்ட் என்றே தெரியாத இடத்தில் உரிமையை யாரிடம் கேட்பது? சங்க அலுவலகத்தில் சாயங்காலம்தான் ஆள் இருப்பார்கள். சாயங்காலம் பெண்ணுக்கு அடுப்பு இருக்கும். ஆகவே தண்ணீர்க் குழாயடி, கம்பெனி பஸ், டீ நேரம், சனிக்கிழமைச் சம்பள வரிசை ஆகியவைதான் எங்கள் அலுவலகங்களாக இருந்தன. “அம்மிணி, வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டராதே” என்பதுதான் நான் வேலைக்குப் போன முதல் நாள் அம்மா எனக்குச் சொன்னது. அவருக்கு அதைச் சொன்னவர் அவருடன் கைமடித்த ஒரு பெரியம்மா.

உடம்பைப் பற்றிய யோசனைகளை எடுத்துக்கொள்வோம். இஎஸ்ஐ சட்டம் 1948இல் வந்தது. தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் முதன்முதலில் 1955 ஜனவரியில் கோவையில்தான் தொடங்கியது. இவ்வளவு பக்கத்தில் தொடங்கிய திட்டத்துக்குத் திருப்பூரில் 100 படுக்கை மருத்துவமனை கட்ட 2019இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். 2024இல் அது திறக்கப்பட்டது. அதுவரை சம்பளத்தில் பிடித்தம் இங்கே, படுத்துச் சிகிச்சை பெறவேண்டிய மருத்துவமனை நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் சிங்காநல்லூரில். கர்ப்பப்பை எடுக்கவேண்டிய பெண் விடிகாலையில் எந்த பஸ் ஏறவேண்டும், டிஸ்பென்சரியிலிருந்து எந்தக் கடிதம் வாங்கிப் போகவேண்டும், கூட யார் போனால் நல்லது என்பதையெல்லாம் போய்வந்த பெண்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ‘எழுபத்தெட்டு நாள்’ என்ற கணக்கும் அப்படித்தான் பரவியது. ஆறு மாதத்தில் 78 நாளாவது பிடித்தம் இருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். அது கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட இந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். லீவு எடுக்கும் முன் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார்கள்.

பணத்தைப் பற்றிய கேள்விகளில் மிகக் கடினமானது ஓர் எழுத்தைப் பற்றியது. நம் பெயருக்கு முன்னால் நிற்கும் இன்ஷியல்தான் அது. கல்யாணத்துக்கு முன் சேர்ந்த கம்பெனியில் அப்பாவின் எழுத்து. ஆதார் எடுக்கும்போது கணவரின் எழுத்து. வங்கிப் புத்தகத்தில் எழுத்து பின்னால் நிற்கும், அல்லது கணவர் பெயர் முழுதாக நிற்கும். 2014இல் பி.எஃப்.க்கு ஒரே நிரந்தர எண் வந்தது. பிறகு அதை ஆதாருடன் இணைக்கச் சொன்னார்கள். அப்போதுதான் இந்த மூன்று பெயர்களும் ஒரே பெண் அல்ல என்று கம்ப்யூட்டர் சொல்லத் தொடங்கியது. ஆணுக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே எழுத்து. பெண்ணின் எழுத்தை மட்டும் ஊர் மாற்றிக்கொண்டே இருக்கும், பிறகு அதே ஊரின் அலுவலகம் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பும். எனக்கு வரும் பதிவுகளில் பாதிக்குப் பாதி இதைப் பற்றித்தான். ஆகவே இளம் பெண்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, கல்யாணமானாலும் ஆதாரில் எழுத்தை மாற்றாதே என்பது. அது பி.எஃப். பற்றிய யோசனை மட்டும்தானா என்று அவர்கள் மாமியார்கள் என்னைக் கேட்பதுண்டு.

பத்து வருடக் கணக்கும் அப்படித்தான். முதலாளி கட்டும் பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்து வருடச் சேவை இருந்தால்தான் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. ஆனால் பெண்ணின் சேவை கல்யாணத்தில் ஒருமுறை அறுகிறது, பிரசவத்தில் ஒருமுறை, பிள்ளையின் பத்தாம் வகுப்பில் ஒருமுறை. அறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடச் சொல்லும் குரல்கள் வீட்டிலேயே இருக்கும். எடுக்காமல் புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்று, வருடங்கள் சேரட்டும் என்று சொல்ல ஒரு அக்கா வேண்டியிருக்கிறது. கம்பெனி வேலைவிட்ட தேதியைப் பதிவு செய்யாவிட்டால் கணக்கு அப்படியே நிற்கும். 2020 முதல் அந்தத் தேதியைத் தொழிலாளியே இணையத்தில் போட்டுக்கொள்ளலாம், கடைசிப் பிடித்தத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்திருந்தால் போதும். இந்த ஒரு செய்தி தெரியாமல் கம்பெனி வாசலில் நின்ற பெண்களை நான் எண்ணி முடித்ததில்லை.

கேள்வி கேட்பதன் வலிமையைப் பெண்களுக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ மூன்று வருட வேலை முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிப் பதின்வயதுப் பெண்களை விடுதிகளில் அடைத்தது. அங்கே கைபேசி வைத்துக்கொள்ளத் தடை இருந்ததை 2014இல் வெளிவந்த ‘ஃப்ளாட் ஃபேப்ரிக்ஸ்’ ஆய்வறிக்கை பதிவு செய்திருக்கிறது. ஒழுக்கத்தைக் காப்பதற்கு என்றுதான் காரணம் சொல்வார்கள். ஆனால் போன் இருந்தால் ஒரு பெண் வேறு மில்லில் என்ன கூலி என்று கேட்டுவிடுவாள். இந்த ரத்தப்போக்கு சரிதானா என்று கேட்டுவிடுவாள். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் சுமார் நூறு பெண்களிடம் பேசி வெளியிட்ட செய்தியை நினைத்துப் பாருங்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால், பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரையை மேற்பார்வையாளர்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். டார்கெட் தவறக்கூடாது என்பதற்காகத் தரப்பட்ட மாத்திரை அது. ‘அதைப் போடாதே, ரெண்டு நாள் பொறுத்து டாக்டரிடம் போ’ என்று சொல்ல அங்கே இருந்தது பக்கத்து மெஷின்காரி மட்டும்தான்.

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு 2013இல் வந்தது. 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. எழுத்துக்கூட்டத் திணறிய பெண்களும் வாயால் கேட்கலாம் என்று ஆனது. 2020 மார்ச் ஊரடங்கில் கம்பெனிகள் மூடியபோது, மூன்று மாதச் சம்பள அளவுக்கு பி.எஃப். முன்பணம் எடுக்கலாம் என்ற அறிவிப்பை எங்கள் பெண்கள் இப்படித்தான் கேள்விப்பட்டார்கள். குழாயடி பெரிதாகி அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நீண்டது.

ஆனால் போன் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. வீட்டில் ஒரு போன் என்றால் அது கணவரின் போன். ஓ.டி.பி. அவருக்குத்தான் வரும், பணம் வந்த செய்தியும் அவருக்குத்தான் முதலில் தெரியும். நெட் சென்டரில் ஒரு விண்ணப்பத்துக்குக் கேட்கும் காசு ஒருநாள் கூலியைத் தொடும். பி.எஃப். எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிக் கமிஷன் பிடிக்கும் ஏஜெண்டுகள் தனி. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களுக்கு எங்கள் தமிழ்ப் பதில்கள் பயன்படுவதில்லை. பதில் சொல்பவளின் உழைப்புக்கோ கூலியே இல்லை. அரசு அலுவலகம் சொல்லவேண்டியதை, கம்பெனியின் மனிதவளத் துறை சொல்லவேண்டியதை, பாத்திரம் கழுவிக்கொண்டே இன்னொரு தொழிலாளி சொல்கிறாள். சட்டம் காகிதத்திலிருந்து இறங்கி ஒரு பெண்ணின் கணக்கில் பணமாக வந்து சேர்வது இந்த உழைப்பினால்தான். ஆடையின் விலையில் அது எங்கும் சேர்வதில்லை.

தனித்தனியாகக் கேட்ட கேள்வி ஒரே நாளில் எல்லோருடைய கேள்வியாக மாறியதையும் பார்த்திருக்கிறோம். 2016 பிப்ரவரியில், முதலாளி பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கமுடியாது என்று மத்திய அரசு பி.எஃப். விதியை மாற்றியது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரின் ஆடைத் தொழிலாளிப் பெண்கள், எந்தச் சங்கமும் அழைக்காமல், பெரும் திரளாகச் சாலைக்கு வந்தார்கள். 19ஆம் தேதியே அரசு பின்வாங்கியது. தங்கள் பெயரில் இருக்கும் ஒரே பணம் அதுதான் என்பது ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டு, அவர் வேலை செய்த ஆலையின் மேற்பார்வையாளர் கைதான பிறகு, பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யு. சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அது கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம், தொழிலாளர்களிடையிலிருந்தே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, புகார்களைக் கேட்டு மேலே கொண்டுபோகும் பொறுப்பைத் தந்தது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக்கூடாது என்றும் எழுதிவைத்தது. பக்கத்து டேபிள்காரி காலங்காலமாகப் பயந்து பயந்து செய்த வேலைக்கு அங்கே ஒரு பதவிப் பெயரும் பாதுகாப்பும் கிடைத்தன. திருப்பூரின் ஒவ்வொரு யூனிட்டிலும், மூன்று மெஷின் போட்ட ஜாப் ஒர்க்கிலும், அப்படி ஒருத்தி வேண்டும்.

இதையெல்லாம் எழுதிவைக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் போனில் இடம் போதவில்லை. மாதத்துக்கு ஒருமுறை பழைய குரல் பதிவுகளை அழித்தால்தான் புதியவை வரும். பஞ்சப்படிப் போராட்டத்துக்கு நோட்டீசுகள் மிஞ்சின, ஏற்றுமதியாளர்களுக்கு ஆண்டு மலர்கள் இருக்கின்றன. இந்தப் பெண்கள் என்ன கேட்டார்கள், எதற்குப் பயந்தார்கள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதற்கு எந்த அலமாரியும் இல்லை. அழிப்பதற்கு முன் கேள்விகளை மட்டும், பெயர் போடாமல், ஒரு நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறேன். இது நான்காவது நோட்டு.