எட்டு வினாடி

எங்கள் எதிர்வீட்டில் ஒரு நண்பர் இருக்கிறார். பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் மூன்று விஷயங்களைப் பற்றித்தான் அவருக்கு அபிப்பிராயம் உண்டு: கம்ப்யூட்டர், மோட்டார் கார், ராக்கெட். அரசியல், சங்கீதம், சாம்பார் என்று மற்றவர்கள் அடித்துக்கொள்ளும் விஷயங்களில் மனிதர் வாயே திறக்கமாட்டார். ஆனால் இந்த மூன்றில் ஒன்று அகப்பட்டுவிட்டால், காலையில் பால் வாங்க வந்தவர் பால் திரிகிற வரையில் தெருவிலேயே நிற்பார்.

சென்ற மாதம் அவர் மின்சாரத்தில் ஓடும் கார் ஒன்று வாங்கினார். முதல் சவாரிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்.

"எட்டே செகண்டு, ஸார்! நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம்! இது காரே இல்லை, நாலு சக்கரம் வைத்த கம்ப்யூட்டர். பார்த்துக்கொண்டே இருங்கள், இன்னும் கொஞ்ச நாளில் இதிலே ராக்கெட்டையும் மாட்டிவிடுவான்" என்றார்.

"மாட்டியாகிவிட்டது. 1928-இல். அதற்கும் இதே எட்டு வினாடிதான்" என்றேன்.

நண்பர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். அவருடைய சொந்த ராஜ்யத்தில் அவருக்குத் தெரியாத ஒன்றை, கதை எழுதிப் பிழைக்கிற ஒருவன் வந்து சொல்வதா? அன்று காரில் உட்கார்ந்தபடி அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லப் போகிறேன்.

கதாநாயகர் பெயர் மாக்ஸ் வாலியர். 1895-இல் போட்ஸன் என்ற மலைநாட்டு ஊரில் பிறந்தவர். அப்போது அது ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் சீமை, இப்போது இத்தாலி. சிறு பிராயத்திலிருந்தே நட்சத்திரப் பைத்தியம். இன்ஸ்புருக் சர்வகலாசாலையில் வான சாஸ்திரம் படித்தார். நடுவில் முதல் உலக யுத்தம் வந்து படிப்பைக் கலைத்தது. யுத்தம் முடிந்து சாம்ராஜ்யமும் உதிர்ந்துபோன பிறகு, புத்தகம் எழுதியும் பிரசங்கம் செய்தும் ஜீவனம் நடத்தினார். ஆகாயத்தில் நடக்கிற சங்கதிகளைச் சாமானிய ஜனங்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் தொழில்.

சொன்னதெல்லாம் சரியா என்றால், இல்லை. அந்த நாளில் ஹான்ஸ் ஹோர்பிகர் என்ற ஆஸ்திரிய எஞ்சினீயர் ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார். பிரபஞ்சத்துக்கு ஆதாரமே பனிக்கட்டிதான். சந்திரனைப் போர்த்தியிருப்பதும் பனிக்கட்டி. பால்வீதியில் மினுக்குவதிலும் பெரும்பகுதி பனிக்கட்டி. கணக்குக் கேட்டவர்களிடம் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். வாலியர் அந்தச் சித்தாந்தத்தின் தீவிரப் பிரசாரகர்; புத்தகங்களே எழுதினார். (சந்திரனின் துருவங்களில், சூரிய வெளிச்சமே படாத பள்ளங்களில் கொஞ்சம் பனிக்கட்டி இருப்பதாக நமது சந்திரயான் காலத்து ஆராய்ச்சிகள் சொல்வது வேறு விஷயம். ஹோர்பிகர் சொன்னது அந்தக் கொஞ்சத்தை அல்ல.)

இதே மனிதர்தான் ராக்கெட்டைப் பற்றி, சர்வகலாசாலைகளில் இருந்த பெரியவர்கள் பலருக்கும் தோன்றாததைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். 1923-இல் ஹெர்மன் ஓபெர்த் என்பவர் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். டாக்டர் பட்டத்துக்கு எழுதி, ஹைடல்பர்க் சர்வகலாசாலை வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஆராய்ச்சி அது. திரவ எரிபொருளால் ஓடும் ராக்கெட்டில் மனிதன் பூமியை விட்டுக் கிளம்ப முடியும் என்பது அதன் சாரம். பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடுகள். புரட்டிப் பார்த்தவர்கள் மூடி வைத்தார்கள். வாலியருக்குக் கணக்கு அவ்வளவாக ஓடாது. ஆனால் கதை ஓடும். ஓபெர்த்துக்குக் கடிதம் போட்டு, கேட்டுத் தெரிந்துகொண்டு, சமன்பாடுகளை விலக்கி 1924-இல் ஒரு புத்தகம் எழுதிவிட்டார். ஜெர்மனியில் பள்ளிக்கூடப் பையன்கள் முதல் பலரும் ராக்கெட் பேச ஆரம்பித்தார்கள். 1927 ஜூலையில் பிரெஸ்லாவ் நகரத்தில் விண்வெளிப் பிரயாணத்துக்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டது. ஸ்தாபித்தவர்களில் வாலியரும் ஒருவர்.

அவருடைய திட்டம் ஏணிப்படி மாதிரி. முதலில் மோட்டார் காரில் ராக்கெட்டைப் பூட்டுவது, அப்புறம் ஆகாய விமானத்தில், அப்புறம் இன்னும் உயரே, கடைசியில் சந்திரன். முதல் படிக்கே பணம் வேண்டும். விஞ்ஞானிகளிடம் அது இல்லை. பிரிட்ஸ் ஃபான் ஓப்பல் என்ற இளைஞரிடம் இருந்தது.

ஓப்பல் குடும்பத்துக்கு ரூசல்ஸ்ஹைம் என்ற ஊரில் பெரிய மோட்டார் தொழிற்சாலை. பாட்டனார் தையல் மெஷினில் ஆரம்பித்தவர். அப்புறம் சைக்கிள், அப்புறம் மோட்டார். பேரன் பந்தயப் பிரியர். ராக்கெட் காருக்கு ஊரே திரும்பிப் பார்க்கும், கம்பெனிக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது என்று கணக்குப் போட்டார். மூன்றாவதாக ஓர் ஆள் சேர்ந்தார்: பிரீட்ரிக் சாண்டர். கடலில் கப்பல் தவிக்கும்போது கரையிலிருந்து கயிற்றை எறிவதற்கு வாணங்கள் உண்டு, அவற்றைச் செய்கிறவர். சந்திரனைப் பற்றி ஒருவருக்கு நினைப்பு, கார் விற்பனையைப் பற்றி ஒருவருக்கு நினைப்பு, வெடிமருந்து காய்ந்திருக்கிறதா என்று ஒருவருக்குக் கவலை. கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

1928 ஏப்ரல் மாதம் ரூசல்ஸ்ஹைம் பந்தயப் பாதையில் முதல் வண்டி ஓடியது. ஓட்டியவர் குர்ட் ஃபோல்க்ஹார்ட். பின்னால் பன்னிரண்டு வாணங்கள். சில பற்றவே இல்லை. இருந்தும் எட்டு வினாடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

உண்மையான கோலாகலம் மே 23-ஆம் தேதி பெர்லினில், அவூஸ் பந்தயச் சாலையில். அழைக்கப்பட்டு வந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய மூவாயிரம் பேர். சினிமாக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், பெரிய மனிதர்கள். மீன் மாதிரி நீண்ட கறுப்பு வண்டி. பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டைக் குட்டையான இரண்டு இறக்கைகள். விமானத்தின் இறக்கை தூக்குவதற்கு என்றால் இது அமுக்குவதற்கு. வேகத்தில் வண்டி எழும்பிவிடாமல் காற்றே அதைத் தரையோடு அழுத்தவேண்டும் என்று இறக்கையைத் தலைகீழாகச் சாய்த்திருந்தார்கள். பின்னாலே 24 வாணங்கள். மருந்து மொத்தம் 120 கிலோ. இந்தத் தடவை ஓட்ட உட்கார்ந்தவர் பிரிட்ஸ் ஓப்பலே.

தீபாவளிக்கு வாணம் விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலில் குச்சியை நிறுத்தி, ஊதுவத்தியை நீட்டும்போதே ஒரு காலை ஓடுவதற்குத் தயாராகப் பின்னால் வைத்திருப்பார்கள். சின்ன வயதில் என் தம்பியின் மர வண்டியில் வாணத்தைக் கட்டிப் பற்ற வைத்து, அது கூடத்துக்குள் திரும்பி, விருந்துக்கு வந்திருந்த ஒருவருடைய ஜரிகை வேஷ்டியைப் பதம் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. ஆகையால் சொல்கிறேன்: ஒவ்வொன்றும் ஐந்து கிலோ மருந்து அடைத்த 24 வாணங்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் உட்காருவது விளையாட்டல்ல. காலடியில் ஒரு பெடல். அழுத்த அழுத்த மின்சாரத் திரி ஒவ்வொரு வாணமாகப் பற்ற வைக்கும். பற்றியதை அணைக்க வழியே கிடையாது. ஓப்பல் அழுத்திக்கொண்டே போனார். புகை மண்டிற்று, இடி மாதிரி சத்தம். மணிக்கு 238 கிலோமீட்டர். உயிரோடு இறங்கினார். மறுநாள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அவர் படம்.

இவ்வளவையும் கேட்ட என் நண்பர், தமது கைக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "வீண் வேலை, ஸார்! கணக்கு உதைக்கிறது" என்றார். உதைக்கத்தான் செய்யும். வாணத்திலிருந்து பின்னால் பாயும் வாயு, வண்டி முன்னால் ஓடுவதைப்போல் பத்து மடங்கு வேகத்தில் போகிறது. மருந்தின் பலத்தில் பெரும்பங்கு அந்தப் புகையோடு பின்னாலேயே போய்விடுகிறது. வண்டிக்குக் கிடைப்பது சொற்பம். சாதாரண மோட்டாருக்குக் காலடியில் சாலை இருக்கிறது, அதை உந்தித் தள்ளுகிறது. சுற்றிலும் காற்று இருக்கிறது, அதை வாங்கிப் பெட்ரோலை எரிக்கிறது. ராக்கெட்டோ தள்ளவேண்டிய பொருளையும், எரிப்பதற்கு வேண்டிய பிராணவாயுவையும் தானே சுமந்து போகிற பிராணி. சாலையும் காற்றும் இல்லாத இடத்தில்தான் அதற்கு மகிமை. இதைக் கண்டுகொள்ளக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. 1928-இல் பென்சிலும் காகிதமும் இதையே சொல்லின. விண்வெளிச் சங்கத்தில் கணக்குத் தெரிந்தவர்கள் ராக்கெட் காரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கணக்கு அவர்கள் பக்கம்தான். ஆனால் அந்தக் கணக்கைப் படித்து எந்தப் பணக்காரரும் பணப்பையை அவிழ்க்கவில்லை. இரண்டு வருஷம் முன்பே, 1926 மார்ச்சில், அமெரிக்காவில் ராபர்ட் காடர்ட் என்ற பேராசிரியர் உலகத்தின் முதல் திரவ ராக்கெட்டை ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் பறக்கவிட்டிருந்தார். இரண்டரை வினாடி பறந்தது. அவர் யாரிடமும் அதிகமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. யாரும் அதிகமாகக் கேட்கவும் இல்லை. தப்பான வண்டியில் மாட்டிய தப்பான வாணம்தான் ஊரைக் கூட்டியது. இது எனக்குப் பிடித்தமான நியாயம் அல்ல, நடந்ததைச் சொல்கிறேன்.

கூட்டு நிலைக்கவில்லை. ஓப்பல் தண்டவாளத்தில் ஆளில்லாத வண்டிகளை விட்டுப் பார்த்தார். ஜூன் மாதத்தில் ஒன்று 250 கிலோமீட்டரைத் தாண்டியது. அடுத்தது தடம் புரண்டு நொறுங்கியது. ஒரு தடவை கூண்டில் ஒரு பூனையையும் ஏற்றியிருந்தார்கள். அந்தப் பூனையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. 1929 செப்டம்பர் 30-ஆம் தேதி பிராங்பர்ட் நகரத்தில் ஓப்பல் ராக்கெட் விமானத்திலும் பறந்து, முரட்டுத்தனமாகத் தரையில் இறங்கி விமானத்தை உடைத்துக்கொண்டு, தாம் மட்டும் தப்பினார். அதற்குள் தொழிற்சாலையின் பெரும்பங்கு ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போயிருந்தது. ஓப்பலின் ராக்கெட் அத்தியாயம் அதோடு முடிந்தது. சாண்டரை 1935-இல் ஹிட்லர் அரசாங்கம் தேசத்துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தது, 1938-இல் இறந்துபோனார்.

வாலியர் தனி வழியில் போனார். 1929 பிப்ரவரியில், உறைந்து கிடந்த ஸ்டார்ன்பெர்க் ஏரியின் மேல் அவருடைய ஆளில்லாத சறுக்கு வண்டி 400 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் போனதாகக் கணக்கிட்டார்கள். பிரபஞ்சமே பனிக்கட்டி என்று நம்பியவருக்குக் கடைசியில் பனிக்கட்டிதான் கைகொடுத்தது! ஆனால் வாண மருந்தை நம்பிச் சந்திரனுக்குப் போகமுடியாது என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. பெர்லினில் ஹைலாண்ட் என்பவருடைய தொழிற்சாலையில் திரவ ஆக்ஸிஜன் சம்பந்தமான வேலை நடந்துவந்தது. வாலியர் அங்கே போய்ச் சேர்ந்தார். அவரோடு இளம் எஞ்சினீயர்கள் இரண்டு பேர்: வால்டர் ரீடல், ஆர்தர் ருடால்ஃப். 1930 ஏப்ரலில் திரவ ராக்கெட் பூட்டிய கார் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் ஓடியது. இந்தத் தடவை வாணம் சரியான வாணம்.

மே 17-ஆம் தேதி, சனிக்கிழமை. ஆல்கஹாலுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதனை. வாலியர் பக்கத்திலேயே நின்று குழாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எரியறை வெடித்தது. ஓர் எஃகுச் சில் மார்பில் பாய்ந்தது. அங்கேயே முடிந்துவிட்டது. வயது 35.

தொழிற்சாலையில் இனி ராக்கெட் பேச்சே கூடாது என்று உத்தரவாயிற்று. ருடால்ஃப் கேட்கவில்லை. அந்த எரியறை ஏன் வெடித்தது என்று ஆராய்ந்து, ரகசியமாக அதைத் திருத்தி அமைத்தார். வாலியரின் வேலை அவர் கையால் மேலே நடந்தது. எங்கே போயிற்று என்பதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ருடால்ஃப் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்; ராணுவத்தின் ராக்கெட் இலாகாவில் சேர்ந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில், வி-2 ராக்கெட் செய்யும் சுரங்கத் தொழிற்சாலையில் உற்பத்தியை நடத்தும் அதிகாரி ஆனார். வேலை செய்தவர்கள் டோரா முகாமின் கைதிகள். அந்த முகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் ஏறக்குறைய 60,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 20,000 பேர் மாண்டார்கள். அந்த ராக்கெட் விழுந்து செத்தவர்களைவிட, அதைச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம்.

யுத்தம் முடிந்ததும் அமெரிக்கா அவரை அழைத்துக்கொண்டு போயிற்று. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட் திட்டத்துக்கு அவர் மேலாளர். வாலியரின் கடைசிப் படி அப்படித்தான் ஏறப்பட்டது. 1984-இல், சுரங்கத்து விவகாரத்தை அமெரிக்க அரசாங்கம் கிளறியதும், குடியுரிமையைத் துறந்துவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பினார். 1996-இல் ஹாம்பர்க் நகரத்தில் காலமானார்.

வாலியர் உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சுரங்கத்தில் என்ன செய்திருப்பார்? நாவலில் என்றால் நான் ஒரு முடிவு எழுதியிருப்பேன்.

கதை முடிந்து வெகு நேரம் நண்பர் பேசவில்லை. வண்டியை மெதுவாகவே ஓட்டி வந்து வாசலில் விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் பால் பாக்கெட்.

"ராத்திரி தேடிப் பார்த்தேன், ஸார். சந்திரனுக்குப் பின்பக்கம், இங்கிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில், ஒரு பள்ளத்துக்கு வாலியர் பெயர் வைத்திருக்கிறார்கள்" என்றார். போகிறவர்போல் இரண்டு படி இறங்கினார், திரும்பினார். "அந்த முதல் வண்டியில் சில வாணம் பற்றவில்லை என்றீர்களே? பன்னிரண்டும் பற்றியிருந்தால் எட்டு செகண்டு எத்தனை ஆகியிருக்கும்? வண்டியின் எடை தெரிந்தால் போட்டுவிடலாம்..."

திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். நான் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.