கீறலுக்கு ஒரு குப்பி பெயின்ட்

கார் கதவில் விழுந்த கீறலை வீட்டு வாசலிலேயே மறைத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஏறக்குறைய நூறு வயது. அதற்கு முன் காருக்கு நிறம் பூசுவது குதிரை வண்டிப் பட்டறைகளிலிருந்து வந்த தொழில். எண்ணெயும் வார்னிஷும் கலந்த பூச்சைத் தூரிகையால் பூச வேண்டும்; காய்ந்ததும் தேய்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். ஒரு கார் முழுதாகக் காய வாரக்கணக்கில் ஆகும். அப்படிப்பட்ட பூச்சில் ஓர் இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்வது கைதேர்ந்தவர்களுக்கே சிரமம்.

1913-இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் உற்பத்தி வரிசை வந்தது. காரைக் கோப்பது விரைவானது. பெயின்ட் மட்டும் பின்தங்கியது. தொடக்கத்தில் சிவப்பு, பச்சை, சாம்பல் நிறங்களிலும் வந்த மாடல் டி, 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. அந்தக் கறுப்பு எனாமல் மலிவானது, உறுதியானது, சூளையில் சுட்டால் சீக்கிரம் காய்வது.

விடை வெடிமருந்திலிருந்து வந்தது. முதல் உலகப் போருக்காக டூபான்ட் நிறுவனம் நைட்ரோசெல்லுலோஸை மலைமலையாகத் தயாரித்திருந்தது. அதைக் கரைத்துப் பூசலாம் என்பது முன்பே தெரியும். ஆனால் கரைசல் கூழாக இருந்ததால் நிறமியை அதிகம் ஏற்ற முடியவில்லை. 1920-இல் நியூ ஜெர்சியின் பார்லின் ஆலையில் அதை நீர்க்கச் செய்யும் வழி பிடிபட்டது. அந்த லாக்கர்தான் ‘டியூக்கோ’. 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை ஓக்லண்ட் கார்களில் பூசியது. வாரக்கணக்கில் காய்ந்தது மணிக்கணக்கில் காய்ந்தது.

அதைத் தெளிக்கக் கருவியும் தயாராக இருந்தது. ஒஹையோவின் டொலீடோ நகர மருத்துவர் ஆலன் டிவில்பிஸ், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்து தெளிக்க ஒரு கருவி செய்திருந்தார். அவர் மகன் தாமஸ் அதே யோசனையைப் பெயின்ட் துப்பாக்கியாக வளர்த்தார்.

கார் வைத்திருப்பவருக்கு லாக்கர் தந்த பெரிய கொடை வேகம் அல்ல. கரைப்பான் ஆவியானால் லாக்கர் காய்ந்துவிடும். தின்னர் பட்டால் பழைய அடுக்கும் மறுபடி இளகும். புதிதாகத் தொட்டு வைத்த துளி பழைய பூச்சோடு உருகிச் சேர்ந்துகொள்ளும். காய்ந்தபின் மெல்லிய வாட்டர் பேப்பரால் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்றினால் ஒட்டுப்போட்ட தடம் கண்ணில் படாது. இந்தியாவிலும் அம்பாசடர் காலத்து டிங்கரிங் பட்டறைகள் பட்டி பார்த்து, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்து, பாலிஷ் போட்டது இந்தக் குணத்தை நம்பித்தான்.

நிறம் பெருகியதும் வேறு தலைவலி வந்தது. 1927-இல் ஹார்லி எர்ல் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் அழகுக்கும் வண்ணத்துக்கும் தனிப் பிரிவே தொடங்கியது. இப்போது, எந்த நீலம்? பெயர் சொன்னால் போதாது. ஆகவே காரின் உடலில் பதித்த தகட்டில் பெயின்ட் குறியீடும் ஏறியது. டொயோட்டாவில் ‘சி/டிஆர்’ என்று தொடங்கும் வரியில் 040 என்றிருந்தால் அது சூப்பர் ஒயிட். 1எஃப்7 என்றிருந்தால் வெள்ளி நிற மெட்டாலிக். ஆனால் குறியீடு சொல்வது ஆலையை விட்டு வெளியே வந்த நாளின் நிறத்தை. பல கோடை வெயிலைக் கண்ட பானெட்டின் நிறம் வேறாகியிருக்கும். ஒரே குறியீட்டுக்குள்ளும் ஆலைக்கு ஆலை சிறு வேறுபாடு உண்டு. குப்பியின் மூடியைப் பார்த்து முடிவு செய்யாமல், வெள்ளை அட்டையில் ஒரு துளி தீட்டி, காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் காரோடு ஒட்டிப் பார்ப்பதே சரி.

மெட்டாலிக் நிறங்கள் வேலையை மேலும் கடினமாக்கின. அவற்றில் மிதக்கும் அலுமினியச் செதில்கள் தெளிக்கும்போது ஒரு விதமாகப் படுக்கும், தூரிகையில் தொட்டால் வேறு விதமாகப் படுக்கும். பெயின்ட் அச்சு அசலாக அதுவே என்றாலும் சாய்ந்து பார்த்தால் கறுத்த புள்ளி தெரியும். 1980-களில் நிற அடுக்கின் மேல் நிறமற்ற கிளியர் கோட் பூசும் முறை பரவியது. இன்றைய கார்களின் கிளியர் கோட் வேதிவினையால் இறுகுவது; தின்னருக்கு இளகாது. பழையதும் புதியதும் உருகிக் கலந்த அந்த வசதி போய்விட்டது. இது முன்னேற்றம்தான்: வெயிலையும் மழையையும் இந்தப் பூச்சு பழைய லாக்கரைவிட நன்றாகத் தாங்குகிறது. ஆனாலும் கார்க்காரரின் கையிலிருந்து ஒரு வேலை பட்டறைக்குப் போனது உண்மையான இழப்பு. பட்டறையிலும் ஒரு கதவுக்கு மட்டும் அடித்தால் வேறுபாடு தெரியும் என்று, பக்கத்துப் பாகத்தின் மேலும் நிறத்தைப் படிப்படியாக மங்கவிட்டுச் சேர்க்கிறார்கள்.

வீட்டில் செய்வதற்கு எஞ்சியிருப்பது கல் தெறித்த பொட்டுகளும் நகம் தட்டும் மெல்லிய கீறல்களும். அங்கே நிறத்தைவிடத் துருதான் முதல் கவலை. அழுக்கும் மெழுகும் போகத் துடைத்து, துருவைச் சுரண்டி, தகரம் தெரிந்தால் பிரைமர் வைத்து, நிறத்தை ஒரே சொட்டாக நிரப்பாமல் மெல்லிய அடுக்குகளாகக் காயவிட்டு ஏற்றி, கடைசியில் கிளியர் கோட் தொட வேண்டும். 040 போன்ற வெறும் வெள்ளையில் இந்தச் சிறு வேலை கிட்டத்தட்ட மறைந்துவிடும். வெள்ளி நிறக் காரில் உற்றுப் பார்த்தால் புள்ளி தெரியத்தான் செய்யும். தகரம் மட்டும் துருப்பிடிக்காமல் தப்பிக்கும்.